வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் என் பென் டிரைவ்கள்

அந்தியேட்டிக் கல்வெட்டு வடிவமைப்பதுதான் என் தொழில். ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருபவர்கள் கையில் கொடுக்கிற நினைவு மலர் அது. இறந்தவரின் படங்கள், வம்சாவளி, தேவார திருவாசகம், நன்றி நவிலல் எல்லாம் அதில் வரும். பக்கங்களைக் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து செய்கிறேன். அச்சகம் கொட்டாஞ்சேனையில். 2009இலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் ஃபைல்களைக் கொண்டுபோய்த் தந்தது பென் டிரைவ்தான். கல்யாண அட்டை இரண்டு நாள் பிந்தினால் சமாளிக்கலாம், 31ஆம் நாளைத் தள்ளிவைக்க முடியாது. அதனால் இந்தச் சின்னச் சாமானை நான் மிகவும் கவனமாகப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஏன் மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது என்று கேட்பார்கள். 60 பக்கக் கல்வெட்டு ஒன்று, அச்சுக்கேற்ற படங்களோடு சேர்த்தால் ஒன்றரை ஜிபி வரை வரும். ஜிமெயில் இணைப்பில் 25 எம்பிதான் போகும். லிங்க் அனுப்பலாம் என்றால், அச்சகக் கணினிக்கு இணையமே கிடையாது. அதைவிட முக்கியம் எழுத்துரு. நான் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் வேலை செய்கிறேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாக நிற்கும், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி (;) தெரியும். அதனால் பக்கங்கள், மூலப் படங்கள், பாவித்த எழுத்துருக்கள், அப்புறம் ஒரு பிடிஎஃப், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுத்தான் எடுத்துப் போவேன்.

முதலில் வைத்திருந்தது 2 ஜிபி. அது ஐந்து வருடம் உழைத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை 2014இல் வந்தது. புறக்கோட்டையில் நடைபாதைக் கடை ஒன்றில் 64 ஜிபி பென் டிரைவை மற்ற இடங்களின் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். செருகினேன், 58 ஜிபிக்கு மேல் காட்டியது. கொள்ளளவு எப்போதுமே பெட்டியில் போட்டிருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் கணக்குப் பார்க்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் பார்க்கிறது. ஆகவே எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த நேரம் ஒரு அம்மாவின் கல்வெட்டு வந்தது. அவருடைய மூத்த மகள் கனடாவிலிருந்து வந்து ஒரு ஆல்பத்தைக் கொண்டுவந்து தந்தார். "பிள்ளை, இதைக் கவனமாப் பாருங்கோ. 95 இடம்பெயர்வில யாழ்ப்பாணத்திலயிருந்து கொண்டுவந்தது இது ஒண்டுதான்" என்றார். கறுப்பு வெள்ளைப் படங்கள், மூலையில் பசைக் கறை. அவ்வளவையும் ஸ்கேன் பண்ணி அந்தப் புது டிரைவில் சேமித்து, ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால், பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, அளவும் சரியாகக் காட்டுகிறது. படம் மட்டும் திறக்கவில்லை. சிலதில் மேல் பாதி தெரிந்தது. அந்த அம்மாவின் கல்யாணப் படத்தில் கொண்டையும் நெற்றியும் இருந்தன, கண்ணுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். உள்ளே இருந்தது உண்மையில் 8 ஜிபிதான். அதற்கு மேல் எழுதியது எதுவும் எங்கும் தங்கவில்லை. 64 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருக்கிறார்கள். அன்றிரவு கனடாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் அங்கே மறுபடி ஸ்கேன் எடுத்து அனுப்பினார். 29ஆம் நாள் அச்சுக்குப் போனது.

அதன் பிறகு எந்த டிரைவ் வாங்கினாலும் முதல் வேலை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுவதுதான். டிரைவ் முழுக்கச் சோதனைத் தரவை எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். வாங்குவது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில், உத்தரவாதம் எழுதிய பில்லோடு.

அடுத்தது கடல் காற்று. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு, சன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கும். மலிவான டிரைவ்களின் செருகும் இரும்பு முனை இரண்டு வருடத்தில் துருப்பிடித்தது. உள்ளே நான்கு தகட்டுக் கோடுகள் இருக்கும், அவையும் மங்கி, செருகினால் விளக்கு மினுங்கி அணைந்துபோகும். மூடியைத் தொலைக்காதீர்கள். நான் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வைக்கிறேன். நாலு வருடமாகத் துரு இல்லை.

2022 மின்வெட்டுக் காலத்தில் வேறு பாடம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்து, மறுபடி செருகியதும் "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டது. தயவுசெய்து அந்த இடத்தில் ஆம் என்று அழுத்தாதீர்கள். ரெக்குவா மாதிரி ஒரு மீட்பு மென்பொருளைப் பிடித்து, எடுக்கிறதை வேறு டிஸ்கில் எடுங்கள். எனக்கு முக்கால்வாசி வந்தது, மீதி வீட்டுக் கணினியில் இருந்தது.

அச்சகத்துக் கணினியில் ஊரில் உள்ள எல்லா டிரைவும் செருகப்படும், வைரஸ் தொற்றாமல் இருக்காது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டால் பயப்பட வேண்டாம், அநேகமாக ஃபைல்கள் மறைக்கப்பட்டு உள்ளேதான் இருக்கும். ஷோர்ட்கட்டை மட்டும் திறக்காதீர்கள். இப்போது நான் புதிதாக எதையும் எழுதவிடாமல் பூட்டும் சின்னச் சுவிட்ச் உள்ள டிரைவைத்தான் அங்கே கொடுக்கிறேன். தேடித்தான் வாங்க வேண்டும், ஆனால் தேடுவது வீண்போகாது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். யூஎஸ்பி 3 டிரைவ் வீட்டில் ஒன்றரை ஜிபியை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும், பழையதுக்கு நாலு நிமிடம். அச்சகத்தில் பழைய போர்ட், அங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிரைவ்களை ஃபாட்32 என்ற ஃபோர்மட்டில் வைத்திருக்கிறேன், அந்தப் பழைய கணினி அதைத்தான் தடையில்லாமல் வாசிக்கும். 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஃபைல் அதில் ஏறாது, நினைவஞ்சலி வீடியோ கேட்பவர்களுக்கு மட்டும் அந்த வரம்பில்லாத எக்ஸ்ஃபாட் ஃபோர்மட்டில் ஒரு டிரைவ் தனியாக இருக்கிறது.

கொண்டுபோவது பென் டிரைவில். வைத்திருப்பது வேறு இடத்தில்: 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று என் அலமாரியில், அதே கொப்பியோடு ஒரு ஹார்ட் டிஸ்க் தெகிவளையில் அக்கா வீட்டில். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இரண்டிலும் ஏற்றுகிறேன்.

கல்வெட்டுக் கட்டுகளைக் கொடுக்கும்போது ஸ்கேன் படங்களை ஒரு 16 ஜிபி டிரைவில் போட்டு அந்தக் குடும்பத்துக்கும் கொடுப்பேன், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. கூடவே ஒரு துண்டில் எழுதி வைப்பேன்: "இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மின்சாரம் காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் படம் அழியலாம். இந்தக் கிழமைக்குள் உங்கள் கணினியிலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் கணினியிலும் ஏற்றிவிடுங்கள்."