தோப்போர வீட்டில் 16 லிட்டர் பேட்டரி டேங்க்: சருகுத் தீக்கு எவ்வளவு தாங்கும்?

மருந்தடிக்க வாங்கும் முதுகு டேங்க் தீ அணைக்க ஆகுமா? ஆகும். ஆனால் சருகுத் தீக்கு மட்டும், அதுவும் ஜுவாலை முழங்கால் உயரத்தைத் தாண்டாத வரை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கும், கடலோரம் சவுக்குத் தோப்பை ஒட்டிய வீட்டுக்கும் இது சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டரைவிடப் பயன்படும். நாலு கிலோ பவுடர் சிலிண்டர் பத்துப் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும். பவுடர் ஜுவாலையை அடக்கும், சூட்டை இறக்காது. அடியில் கனலும் சருகு சிறிது நேரத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும். அங்கே தண்ணீர்தான் வேண்டும்.

ஒற்றை மோட்டார் டேங்க் நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர் அடிக்கும். அப்படியானால் ஒரு டேங்க் ஆறு, ஏழு நிமிடம் வரும். கடையில் மாட்டித் தரும் கூம்பு நாசில் தண்ணீரைப் பனிபோல உடைக்கிறது. காற்றடித்தால் அது தீக்குப் போய்ச் சேராது. அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் துளை நாசில் போடுங்கள். முந்திரி இலை தடிப்பானது, வழவழப்பானது. தண்ணீர் உருண்டு ஓடிவிடும். துணி சோப்புத்தூள் ஒரு தேக்கரண்டியைக் குவளையில் கரைத்து, டேங்க் நிறைந்த பிறகு கடைசியாக ஊற்றினால் இலை நனையும். முதலிலேயே போட்டால் நுரை பொங்கி, டேங்க் நிறைந்துவிட்டதாகத் தோன்றும்.

அடிக்கும் முறை இதைவிட முக்கியம். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். எரிந்து கருகிய பக்கத்திலிருந்து தொடங்கி, தீயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே முன்னேறுங்கள். பீய்ச்சுவது ஜுவாலையின் அடியில், சருகின் மேல். ஒருவர் அடிக்கும்போதே இன்னொருவர் மண்வெட்டியால் மூன்றடி அகலத்துக்கு மண் தெரியும்வரை சருகை ஒதுக்க வேண்டும். சவுக்குச் சருகு மெத்தைபோல் படிந்திருக்கும். மேலே ஈரமானாலும் உள்ளே புகையும். அதனால் அணைந்தபின் கிளறிக் கிளறி மறுபடி நனைக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கடலோரத்தில் காற்று திரும்புவதையும் கணக்கில் வையுங்கள். காலையில் மேற்கிலிருந்து வீசியது, மதியத்துக்குமேல் கடற்காற்றாக மாறி எதிர்ப்பக்கம் தள்ளும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை (காய்ந்த தோகை) கொளுத்தும் நாட்களில் பொறி எங்கே விழும் என்பதை இந்த மாற்றம்தான் தீர்மானிக்கிறது. பக்கத்துக் கொல்லையில் கொளுத்தப்போகிறார்கள் என்று தெரிந்தால், கீற்றுக் கூரையின் விளிம்பையும் வைக்கோல்போரில் காற்று வரும் பக்கத்தையும் முன்னதாகவே நனைத்துவிடுங்கள். கூரை பற்றிவிட்டால் இந்த டேங்கை நம்பாதீர்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு, 101-ஐ அழையுங்கள்.

மின்கம்பி அறுந்து எரிந்தாலும், முந்திரிக்கொட்டை ஓட்டுக் குவியல் எண்ணெயோடு எரிந்தாலும் இதை எடுக்கக் கூடாது. முன்னதில் மின்சாரம் தாக்கும். பின்னதில் தண்ணீர் வீச்சு எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். ஆகவே சமையலறை வாசலில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி பவுடர் சிலிண்டர் (திடப்பொருள், திரவம், வாயு மூன்று வகைத் தீக்கும் ஆவது) ஒன்று தனியாக இருக்கட்டும். உப்புக்காற்றில் அதன் வால்வு துருப்பிடிக்கும், அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு நொடி அழுத்திப் பார்த்திருந்தாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும், வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் கசிந்துவிடும்.

டேங்கின் பெரிய குறை பேட்டரி. பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிதான் இருக்கிறது. மருந்தடிக்கும் பருவம் முடிந்து மூலையில் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் செத்துவிடும், தேவைப்படும் நாளில் மோட்டார் முனகும். பதினைந்து நாளுக்கொருமுறை சார்ஜ் போட்டு, ஒரு நிமிடம் வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டியையும் அப்போதே கழுவிவிடலாம். உப்புநீர் போர்வெல் உள்ள ஊரில் அதில் வெள்ளைப் படிவம் கட்டும். களைக்கொல்லி அடித்த டேங்கை இதற்கு வைக்காதீர்கள், தனியாக ஒன்று வாங்குங்கள்.

எங்கள் தேர்வு, பேட்டரியோடு கை நெம்புகோலும் உள்ள இரட்டை வகை. விலை கொஞ்சம் கூடும், ஆனால் சார்ஜ் இல்லாத அன்றைக்கும் கை கொடுக்கும். முழுக்க நிரப்பினால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். வயதானவர்கள் பத்து லிட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாசலில் 200 லிட்டர் டிரம் எப்போதும் நிறைந்து, மூடியோடு இருந்தால்தான் டேங்க் பயன்படும். குழாயில் பிடித்துக்கொண்டிருக்க அப்போது நேரமிருக்காது. மூடி கொசுவுக்காக. வாங்கும்போது வாயகலம் பாருங்கள், குடத்தைச் சாய்த்து ஊற்றினால் சிந்தாமல் இறங்க வேண்டும். வாஷரும் நாசிலும் தனியாக அந்தக் கடையிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.