எத்தனை இலை, எத்தனை பந்தி: தோட்டத் திருவிழாவில் ஒரு சமையல் குழுவின் சேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் எடுத்த பால்மரக் காலத்து மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிள்ளானுக்கும் ஈப்போவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஆடித் திருவிழாவுக்குத் தவறாமல் வந்துவிடுகின்றன. இவ்வாண்டு இரண்டு நாள் உணவையும், நகரில் ஒரு குடும்பம் நடத்திவரும் சமையல் குழுவிடம் ஒப்படைத்தோம். குழு தேடும் மற்றக் கோயில் செயலவையினருக்குப் பயன்படும் என்பதால் எங்கள் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

தொலைபேசியில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே "எத்தனை இலை, எத்தனை பந்தி?" என்பதுதான். எனக்கு அப்போதே நம்பிக்கை பிறந்துவிட்டது. பந்தி என்பது 'பங்க்தி' என்னும் வடசொல்லின் வழிவந்தது. அதன் பொருள் வரிசை. ஒரு வரிசையில் அமர்ந்தவர்கள் சேர்ந்து உண்டு சேர்ந்து எழுவதே பந்தி என்பதால், 400 இலை என்றவுடன் நூறு நூறாக நான்கு பந்தி, ஒரு பந்திக்குப் பத்துப் பேர் பரிமாற வேண்டும், இலை எடுத்து மேசை துடைத்து அடுத்த பந்தியை உட்கார வைக்கக் கால் மணி நேரம் வேண்டும் என்று கணக்கெல்லாம் அந்தச் சொல்லிலிருந்தே வந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவிடம் இதே சொல்லைத்தான் சொன்னோம். அவர்களோ சூடேற்றும் பாத்திரங்களை நீள மேசையில் அடுக்கிவிட்டு, எழுபது வயதுப் பாட்டிமாரையும் தட்டேந்தி வெயிலில் நிற்க வைத்தார்கள். வருவோரும் போவோருமாக இருக்கும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அந்த ஏற்பாடு பொருந்தும். அதைப் பந்தி என்று சொல்லி விலை பேசுவது தவறு.

எங்கள் அழைப்பிதழில் 'விருந்து' என்று அச்சிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. விருந்து என்றால் புதுமை. புதிதாகப் புனையும் செய்யுள் வகைக்கே தொல்காப்பியர் அச்சொல்லை ஆள்கிறார். புதிதாக வந்தவரைக் குறித்த சொல், பிறகு அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, இந்தக் கோயில் வாசலில் விளையாடி வளர்ந்தவர்களை விருந்தாளியாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 'பந்தி பகல் 12 மணிக்கு' என்றே அச்சிட்டோம்.

முதல் நாள் சைவச் சமையலில் குறை சொல்ல ஏறத்தாழ ஒன்றுமில்லை. முந்தைய இரவு காய்கறி நறுக்க எங்கள் பெண்கள் கோத்தோங் ரோயோங்காக, அதாவது கூலியில்லாக் கூட்டு உழைப்பாக, கூடினார்கள். வெளியார் தலையிடுகிறார்கள் என்று குழுவினர் முகம் சுளிக்காமல், எது சாம்பாருக்கு, எது கூட்டுக்கு என்று அளவு காட்டிக் கொடுத்தார்கள். சாம்பாரும் ரசமும் கேஸ் அடுப்பில் வெந்தன. சோற்றை மட்டும் விறகடுப்பில் வடித்தார்கள். நுனி இடப்பக்கம் வருமாறு இலை விரித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து, கூட்டு, பொரியல், அப்பளம் வந்த பிறகே சோறு வந்தது. பரிமாறிய இளைஞர் ஒருவர், கை நடுங்கிய முதியவர் ஒருவரின் இலையில் ரசம் ஓடிவிடாதபடி சோற்றைக் குழித்துக் கொடுத்துவிட்டு ஊற்றியதை அருகிலிருந்து பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்த வேலையாக அது தெரியவில்லை.

பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய் நண்பர்களும் அன்று எங்களோடு இலையில் அமர்ந்து உண்டார்கள். மலாய்க்காரர்கள் ஊர்கூடி உண்ணும் விருந்தைக் கெண்டூரி என்பார்கள். "இது உங்கள் கெண்டூரியா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நாகூரில் நடக்கும் கந்தூரியும் அவர் சொன்ன கெண்டூரியும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை என்றும், உணவு வைக்க விரிக்கும் விரிப்பையே அச்சொல் முதலில் குறித்தது என்றும் சொன்னபோது, அவர் தமக்கு முன்னால் விரித்திருந்த வாழையிலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

குறை இரண்டு உண்டு. இரண்டாம் நாள் முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் படையலிட்ட பின் கறிச்சோறு போட்டோம். ஆனால் குழுவின் விலைச்சீட்டில் இரண்டு நாளும் 'அன்னதானம்' என்றே எழுதியிருந்தது. எங்கள் கோயில் வழக்கில் அன்னதானம் சைவம். அதற்கென்று உபயம் கொடுத்தவர்களின் பணம் கிடாவுக்குப் போயிற்று என்று பேச்சு வந்தால், கணக்கு வைத்திருப்பவர் தலை நிமிர முடியாது. எடுத்துச் சொன்னதும் சைவத்துக்கு இலைக்கு 11 ரிங்கிட், கறிச்சோற்றுக்கு 18 ரிங்கிட் என்று தனித்தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று எனக்கு இதைவிட வருத்தம் தந்தது. முதல் நாள் கடைசிப் பந்தியில் வடை தீர்ந்துவிட்டது; பாயாசமும் நீர்த்திருந்தது. கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் இரவெல்லாம் காய் நறுக்கிய பெண்களும் பரிமாறியவர்களும்தான். முதல் பந்திக்கு வைத்ததையே அவர்களுக்கும் வைத்தால்தான் அது பந்தி. குழுத் தலைவரான அம்மா அதை மறுக்கவில்லை. தமக்கு எடுத்து வைத்திருந்த வடைகளைப் பிட்டுப் பிட்டு அந்த இலைகளில் அவரே வைத்துக்கொண்டு போனார். மறுநாள் ஐந்தாவது பந்தி என்று தனியாக எழுதி, அதற்கான கறியை முதலிலேயே ஒரு குண்டானில் எடுத்து மூடி வைத்திருந்தார்.

அடுத்த ஆடிக்கும் அவர்களிடமே சொல்லியிருக்கிறோம்: 450 இலை, ஐந்து பந்தி, வடை 500.