பெரியாத்தாவின் சிட்டையும் சின்னாத்தாவின் பந்தியும்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே அளவு சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்குப் போன பெரியாத்தாவையும் சின்னாத்தாவையும், நடுவில் பிறந்தவரின் மகளாகிய நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சேர்த்து வைப்பவருக்கு நிம்மதியா, செலவழிப்பவருக்கு நிம்மதியா என்று உறவில் பேச்சு எழும்போதெல்லாம் இவர்களைத்தான் காட்டுவார்கள்; பெரும்பாலும் தவறாகவே காட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இருவரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்றுதான். 1930களின் பெருமந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களில் பலர் அதை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். வயலும் பத்திரமும் உதவாத அந்த நாட்களில் வீட்டுப் பெண்களான ஆச்சிமாரின் நகையும் சிறுவாட்டுச் சேமிப்பும்தான் அடுப்பை எரியவைத்தன என்று ஐயா சொல்வார். கையில் இருப்பதே காசு என்று பெரியாத்தா அதற்குப் பொருள் கொண்டார். அத்தனையும் போகக்கூடியதென்றால், இருக்கும்போதே நாலு பேருக்கு இலை போட்டுவிட வேண்டும் என்று சின்னாத்தா எடுத்துக்கொண்டார்.

பெரியாத்தா இரவு உணவுக்குப் பிறகு புளி விலை முதல் உண்டியல் காணிக்கை வரை சிட்டையில் எழுதி முடிக்காமல் படுக்கமாட்டார். கஞ்சத்தனம் என்பவர்கள், கூட்டுத்தொகை சரியாக வந்ததும் அவர் முகத்தில் தெரியும் தெளிவைப் பார்த்ததில்லை. மணமான மகனைத் தனி அடுப்போடு 'வேறு வைக்கும்' வழக்கமுள்ள எங்களிடையே, ஒரே கூரையின் கீழ்த் தாய் தனியே சமைப்பது குறையன்று. கணவர் மறைந்த பின்னும் அந்த அடுப்பைத் தன் பணத்தில் நடத்துவதே அவருடைய பெருமிதம். அவர் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு நோட்டு, மொய் நோட்டு. 501 ரூபாய் மொய் எழுதிய இடத்திலிருந்து 251 திரும்பி வந்ததற்காக, மூன்று ஆண்டுகள் அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை.

சின்னாத்தாவின் மகிழ்ச்சியைப் பார்க்கப் பந்திக்குத்தான் போக வேண்டும். கந்தரப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குபவரைக் கண்டால் அவருக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும், அது நடிப்பன்று. ஆனால் மகளின் தலைதீபாவளிச் சீருக்காக வளையல்களை யாருக்கும் தெரியாமல் அடகு வைத்துவிட்டு, விசேஷ வீடுகளில் முந்தானையால் கையை மூடியபடியே உட்கார்ந்திருந்த ஆண்டுகளும் அவருக்கு உண்டு. வட்டியைவிட, அதை மறைக்க வேண்டியிருந்ததே அவரை வாட்டியது.

எதையும் எண்ணிப் பார்க்கும் பெரியாத்தாவின் கண்ணில்தான் அந்த வெறுங்கை முதலில் பட்டது. நகையை மீட்டுக் கொடுத்துவிட்டு, தங்கையின் பெயரில் தொகையைச் சிட்டையில் பற்று எழுதினார். கூடப் பிறந்தவளிடமே கணக்கா என்று உறவினர் கசந்துகொண்டார்கள். சின்னாத்தாவுக்கோ, மறைத்து வைத்திருந்தது எழுத்தில் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. மாதந்தோறும் நேரில் போய்க் கட்டி, வரவு வைப்பதைப் பார்த்துவிட்டு, அக்காவின் அடுப்பிலேயே சாப்பிட்டுத் திரும்பினார்.

என் மகள் தனிக்குடித்தனம் போனபோது, அன்றாடக் கணக்கெழுத ஒரு நோட்டும், பத்துப் பேருக்குச் சமைக்கும் அளவில் ஒரு பாத்திரமும் வாங்கிக் கொடுத்தேன். மொய்க்கு நோட்டு வாங்கவில்லை.