போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து 16: ஒரு வருஷம் ஓட்டிய பிறகு மெமரி செட்டிங்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்பவரின் பில்லிங் டேட்டாபேஸ் இது. சர்வரில் 32 ஜிபி ரேம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்ததும் 16-க்கு மாறினோம். வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் பொது இடமான ஷேர்டு பஃபர்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரும்போது 128 எம்பிதான் இருக்கும். ரேமில் கால் பங்காக 8 ஜிபி வைத்தோம், அப்புறம் தொடவே இல்லை.

தலைவலி ஒர்க் மெம்தான், அதாவது குவெரி வேலை செய்ய எடுக்கும் மெமரியின் வரம்பு. பழைய கான்ஃபிக்கில் 64 எம்பி இருந்தது. இது ஒரு கனெக்‌ஷனுக்கான அளவு என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹாஷும் (பொருத்தவோ தொகுக்கவோ மெமரியில் கட்டும் அட்டவணை) தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம்; குவெரியைப் பங்கிட்டுச் செய்யும் துணை ப்ராசஸ்களான பேரலல் ஒர்க்கர்கள் வந்தால் அவையும் கேட்கும். போதாததற்கு, பதிப்பு 15 முதல் ஹாஷ் மெம் மல்டிப்ளையரின் (ஹாஷுக்கு ஒர்க் மெம்மில் எத்தனை மடங்கு தரலாம் என்ற செட்டிங்) இயல்பு மதிப்பு 1-லிருந்து 2 ஆகிவிட்டது. அதே 64-ஐ அப்படியே கொண்டுவந்தால் ஹாஷுக்கு 128. நான்கு ஹாஷ், மூன்று ப்ராசஸ் என்றால் ஒரே குவெரி ஒன்றரை ஜிபி வரை போகலாம்.

ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரத் தாக்கல்) கடைசி நாள் 11ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் அக்கவுண்ட்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) வாரியாக ரிப்போர்ட் எடுப்பார்கள். "ஸார், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று போன் வரும். குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டால் 'எக்ஸ்டெர்னல் மெர்ஜ்', அதாவது சார்ட் மெமரியில் அடங்காமல் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது; டிஸ்க்கில் 40 எம்பி. அதைப் பார்த்து 48 வைத்தால் போதாது. டிஸ்க்கில் எழுதும்போது டேட்டா இறுக்கமாக உட்காரும், மெமரியில் அதைவிட இடம் பிடிக்கும். 96 கொடுத்ததும் முழுக்க மெமரியிலேயே நடக்கும் 'குவிக்சார்ட்' ஆனது. ஆனால் அந்த 96 ரிப்போர்ட் யூசருக்கு மட்டும், ஒரு யூசருக்கு மட்டும் செட்டிங் மாற்றும் ஆல்டர் ரோல் கட்டளை மூலமாக. கவுன்ட்டர் பில் போடும் யூசர் உட்பட மற்ற எல்லாருக்கும் 16. என்னைக் கேட்டால், மொத்த சர்வருக்கும் ஒர்க் மெமை ஏற்றுவதைவிட இதுதான் நல்லது. மெமரி தீர்ந்து லினக்ஸ் ஒரு ப்ராசஸைக் கொன்றால், போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா கனெக்‌ஷனையும் துண்டித்துவிட்டுத்தான் எழும்.

பதிப்பு மாற்றும் கருவியான பிஜி அப்கிரேடு பழைய ஸ்டாட்டிஸ்டிக்ஸை (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவுசெய்ய போஸ்ட்கிரெஸ் பார்க்கும் டேட்டா பற்றிய கணக்கு) 16-க்குக் கொண்டுவராது. அதைப் புதிதாகச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளை முடியும்வரை எந்த ரிப்போர்ட்டின் வேகத்தையும் பார்த்து மெமரியை மாற்றாதீர்கள். 18-இல் பெரும்பாலான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கூடவே வந்துவிடுகிறது. எங்கள் அடுத்த தாவல் அதற்குத்தான்.