90 நாள் எடைக்குறைப்புத் திட்டம்: 38,500 ரூபாய் போச்சு, கூடவே என் தசையும் போச்சு

நேற்று இரவு 9.40-க்கு என்னை அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். "என் பணம் எப்போ வரும்?" என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். 38,500 ரூபாய் கட்டியவளுக்கு ஒரு பதில்கூடக் கிடையாது. கை இன்னும் நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை, அதனால்தான் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரித் திட்டங்களில் சேருமுன் என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறான். இன்ஸ்டாகிராமில் 'முன்', 'பின்' என்று இரண்டு படத்தை ஒட்டிப் போட்டு, சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடிக்கும் ஷேக் பாக்கெட்டும் தினம் விசாரிக்க ஒரு கோச்சும் சேர்த்து விற்கிறார்களே, அந்த ரகம். உங்கள் போனிலும் வந்திருக்கும்.

எனக்கு 46 வயது. திருச்சியில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். ஜனவரியில் 78.4 கிலோ இருந்தேன். முழங்கால் வலி, மூன்று மாதச் சர்க்கரை 6.1. மே மாதம் அண்ணன் மகள் கல்யாணம். அவளுக்கு மோதிரம் போடலாம் என்று சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அந்தப் பணம்தான் அந்த 38,500.

நான் விழுந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்து நான் ஏமாறவில்லை. வீடியோ காலில் வந்த கோச்சுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டாள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல்தான் நான் சாப்பிட உட்காருவேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அக்கா, எல்லாருக்கும் தட்டு வெச்சிட்டு உங்களுக்குன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதே சூட்டில் சொன்னாள்: "கொழுப்பு மட்டும்தான் கரையும்க்கா, தசையில ஒரு கிராம் குறையாது. ஒரு வருஷத்துக்குள்ள எடை திரும்ப ஏறினா முழுப் பணமும் ரிட்டர்ன். எழுத்துலயே தர்றேன்." வாட்ஸ்அப்பில் அனுப்பவும் செய்தாள். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று 20,000, மறுநாள் 18,500, இரண்டும் ஜிபே.

காலை ஒரு ஷேக், இரவு ஒரு ஷேக். மதியம் வெள்ளரிக்காயும் சுரைக்காய் சூப்பும். சோறு, பருப்பு, முட்டை எதுவும் கூடாது. தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். "வெயிட் எதுவும் தூக்காதீங்கக்கா, கை கால் கட்டியாயிடும்" என்பது அவள் சொன்னது. பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் கூட்டிப் பார்த்ததே ரொம்பத் தாமதமாகத்தான். எல்லாம் சேர்த்து நாளைக்கு 700 கலோரிகூட வரவில்லை. புரதம் 30 கிராம் சொச்சம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளுக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் யாருக்கும் கொடுக்கவே கூடாது. என் ரத்தப் பரிசோதனைத் தாளை அவர்களில் ஒருத்தர்கூடக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

முதல் வாரம் 4.2 கிலோ இறங்கியது. குழுவில் ஒரே கைதட்டல் படங்கள். இங்கேதான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. கிளைகோஜனைப் பற்றி வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறவள் நான். ஈரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவுக்குச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் செலவாவது அதுதான், கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். 4.2 கிலோவும் கொழுப்பாக இருந்தால், ஒரு நாளைக்கு 4,600 கலோரி குறைந்திருக்கணும். நான் ஒரு நாளில் மொத்தமாகச் செலவழிப்பதே 2,000 இருந்தால் அதிகம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு இது. மெஷின் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது கணக்குப் போடத் தோன்றவில்லை.

ஆறாவது வாரம் எடை அப்படியே நின்றுவிட்டது. "சீட்டிங் பண்றீங்களாக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்றாள். ஒரு வாய் சோறு தொடாதவளிடம் இந்தக் கேள்வி. இரவு ஷேக்கையும் பாதியாக்கச் சொன்னாள். அந்த நாட்களில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. திருச்சியில், மார்ச் மாதத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்திப் படுத்தேன். வீட்டில் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது புரிகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் ஓட்ட உடம்பு செலவழிக்கும் சக்திதான் நம் ஒரு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம். உணவு ரொம்பக் குறைந்தால் உடம்பு அந்தச் செலவையே சுருக்கிக்கொள்ளும். எடை குறைந்ததால் தானாகக் குறைவது ஒரு பங்கு, அதற்கு மேலும் இழுத்துப் பிடிப்பது இன்னொரு பங்கு. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுக்கும் குளிரெடுத்தது, முடி கொட்டியது, இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. எனக்குக் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை! அமெரிக்க டிவியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் குழுவினர் ஆறு வருஷம் கழித்துச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஆனால் அவர்கள் உடம்பு ஓய்வில் எரிப்பது மட்டும், இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. எடை நிற்பதற்கு உடம்பிலேயே இவ்வளவு காரணம் இருக்கிறது, கோச்சோ என்னைத் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறவளாக ஆக்கினாள்.

தசை போனது எனக்கு மெஷின் சொல்லித் தெரியவில்லை. தினமும் காலையில் மாமியாரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவேன். மூன்று வருஷமாகச் செய்கிற வேலை, உடம்புக்குப் பழகிப்போனது. ஏப்ரல் முதல் வாரம் ஒரு நாள் பாதித் தூக்கலில் என் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடியது. பிடித்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு பேருமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். நல்லவேளை, அவருக்கு அடி படவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ சாப்புடுறியா இல்லியா?" என்றார். அதற்கு முன்பே பதிவேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடி ஏற மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. கோச்சிடம் சொன்னேன். "டாக்சின் வெளியே போகுதுக்கா, நல்ல அறிகுறி" என்றாள். தலை குளிக்கும்போது கை நிறைய முடி வந்ததற்கும் அதே பதில்தான்.

90-ஆவது நாள் 67.0 கிலோ. குழுவில் என் படத்தைப் போட்டாள், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று மெஷினில் பார்த்துத் தரும் பரிசோதனைச் சீட்டில் எடை தெரியும் மேல்பாதியை மட்டும் வெட்டி எடுத்த படத்தோடு. முழுச் சீட்டைக் கேட்டேன், "சிஸ்டம்ல இருக்குக்கா, அனுப்புறேன்" என்றாள். அனுப்பவே இல்லை. போன வாரம் நானே அந்தப் பரிசோதனை எடுத்த மையத்துக்கு நேரில் போய்க் கெஞ்சி மூன்று சீட்டையும் வாங்கினேன். ஜனவரியில் கொழுப்பு 32.1 கிலோ, தசை 24.8. ஏப்ரலில் கொழுப்பு 26.0, தசை 22.0. குறைந்த 11.4 கிலோவில் கொழுப்பு 6.1 மட்டும்தான். மீதி 5.3 கிலோவும் தசை, தண்ணீர் வகையறா. மூன்றாவது, இப்போது நவம்பரில் எடுத்தது: எடை 75.8, கொழுப்பு 33.0, தசை 22.7.

இந்த வரியை நான்கு தடவை படித்தேன். ஜனவரியைவிட 2.6 கிலோ எடை குறைவாக இருக்கிறேன், ஆனால் கொழுப்பு அப்போதைவிட அதிகம். அந்த மெஷின் உடம்பில் லேசான மின்சாரம் செலுத்திப் பார்ப்பது, குடித்த தண்ணீரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். அதனால் கிராம் கணக்கை நான் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. சர்க்கரையும் 6.3. சாப்பிடுகிற சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான், அதைக் கரைத்துவிட்டு வேறென்ன எதிர்பார்ப்பது.

ஷேக்கை நிறுத்திய பிறகு வந்த பசி சாதாரணப் பசி இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடிவிடுகிறது. 2011-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வில் ஒரு வருஷம் கழித்தும் இந்த மாற்றங்கள் சரியாகாமல் இருந்தன. மனஉறுதி இல்லாதவள் என்று நான் என்னையே திட்டிக்கொண்ட மாதங்கள் அவை.

இனி அவர்கள் அலைக்கழித்த கதை. ஆகஸ்டில் எடை 73-ஐத் தாண்டியதும், அவள் எழுத்தில் கொடுத்ததைக் காட்டி 38,500-ஐத் திரும்பக் கேட்டேன். இரண்டு நீல டிக், இரண்டு நாள் மௌனம். அப்புறம் "அக்கா, நான் இப்ப வேற டீம், ஆபீஸ்ல பேசுங்க." என் வீட்டுக் கதையைக் கேட்டு அழ வைத்த அதே பெண். ஆபீஸில், "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 72 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." மூன்று டிக்கெட், மூன்று மாதம், ஒருத்தரும் கூப்பிடவில்லை. அக்டோபரில் 'சீனியர் நியூட்ரிஷனிஸ்ட்' என்று ஒருவர் கிடைத்தார். "உங்க மெட்டபாலிசம் ஸ்லோ மேடம், எங்க ப்ராடக்ட்ல தப்பில்ல" என்றார். "700 கலோரி கொடுத்து அதை ஸ்லோ ஆக்கினது யாருங்க?" என்றேன். லைனை வைத்துவிட்டார்.

போன திங்கள்கிழமை ஒரு மெயில். 14,000 ரூபாய்க்கு 'மெயின்டெனன்ஸ் பேக்' வாங்கினவர்களுக்குத்தான் பணம் திரும்பக் கிடைக்குமாம். ஜனவரியில் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே மெயிலின் கீழே, இப்போது வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். 38,500-ஐக் கேட்டவளிடம் இன்னும் காசு கேட்கிறார்கள். நேற்று அதைக் குழுவில் கேட்டேன். தூக்கிவிட்டார்கள்.

எங்கள் தெரு டாக்டர் ஐந்தே நிமிடத்தில் சொன்னார்: வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் என்று மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும், வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கியோ ரப்பர் பட்டையை இழுத்தோ தசைக்கு வேலை கொடுங்கள். ஃபீஸ் 200 ரூபாய்.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது, காலையில் முதல் பீரியட் எனக்கு. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுமுன் ஒரு நாள் கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 800-க்குக் கீழே என்றால் டாக்டர் இல்லாமல் தொடாதீர்கள், வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு இருக்கிறது. எடையை மட்டும் காட்டினால் விடாதீர்கள், முழுச் சீட்டையும் அன்றைக்கே கையில் வாங்குங்கள். 'பணம் திரும்ப' என்றால் நிபந்தனை என்ன என்று முதலிலேயே கேளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், குழுவிலிருந்து தூக்குவதற்கு முன்பே.

நுகர்வோர் உதவி எண் 1915. நாளை மதிய இடைவேளையில் கூப்பிடப் போகிறேன். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது என்று அந்த வக்கீல் தம்பி சொல்கிறான். அதே மாதிரித் திட்டத்தில் ஏமாந்தவர்கள் யாராவது திருச்சிப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். மூன்று சீட்டையும் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் பெயரை மறைத்து அனுப்புகிறேன்.