பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாட், காகித வடிகட்டி: காபியின் எண்ணெய் எங்கே போகிறது?

ஐந்து வருடங்களாகக் கருவறுவல் காபியை பிரெஞ்சு பிரஸ்ஸில் (பொடியை வெந்நீரில் ஊறவைத்து, சல்லடை பொருத்திய தண்டால் அமுக்கி வடிக்கும் குவளை) போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஏழெட்டு மாதம் அடுப்பில் வைக்கும் மோக்கா பாட். போன வருடம் நடுத்தர வறுவலுக்கும் கூம்பு வடிவக் காகித வடிகட்டிக்கும் மாறினேன். ருசிக்காக மாறினேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் காரணம் ஒரு வாடை.

பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து கிரைண்டரின் மூடியைத் திறந்தேன். நாள்பட்ட எண்ணெய் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு காறல் வாடை. பிரஸ்ஸின் சல்லடையைத் திருகிக் கழற்றினால் அங்கேயும் அதேதான். இத்தனைக்கும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரம். சில மாதங்களாகவே கடைசி வாய் காபியில் நாக்கில் ஒட்டும் ஒரு கசப்பு இருந்ததும், கொட்டைதான் சரியில்லை என்று இரண்டு முறை கடையை மாற்றியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. பாவம், அந்தக் கடைக்காரர்கள்.

அதனால் இந்த அலசல் முழுக்க எண்ணெயைச் சுற்றியே இருக்கும். ருசி ஆளுக்கு ஆள் மாறும். பிசுக்கு மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் படிகிறது.

வறுவலில் இருந்து தொடங்கலாம். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். சூடேறும்போது அது ஆவியாகி, உள்ளே அழுத்தம் கூடி, கொட்டை சுமார் 196 முதல் 205 டிகிரி செல்சியஸைத் தொடும்போது சோளம் பொரிவதுபோல் வெடிக்கும். இதை முதல் வெடிப்பு என்கிறார்கள். அது அடங்கும் நேரத்தில் இறக்கினால் இளம் வறுவல். இன்னும் கொஞ்சம் விட்டு இறக்கினால் நடுத்தரம். சுமார் 225 டிகிரி வாக்கில் இரண்டாவது வெடிப்பு வரும். இந்த முறை சத்தம் சன்னமாக, சடசடவென்று கேட்கும். அதைத் தாண்டியது கருவறுவல்.

ருசியில் இந்த மூன்றும் எப்படி என்பது பலருக்கும் தெரிந்ததுதான். இளசில் பழப் புளிப்பு, கருப்பில் புகையும் கசப்பும், நடுவில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கருவறுவலில் காஃபீன் அதிகம் என்ற நம்பிக்கை மட்டும் தவறு. எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். அராபிகா என்ற வகைக் கொட்டையில் ஏறக்குறைய 15 சதவீதம் கொழுப்புதான், ரோபஸ்டா வகையில் 10 சதவீதம் வாக்கில். இளம் வறுவலிலும் நடுத்தரத்திலும் இந்த எண்ணெய் கொட்டைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். கருவறுவலில் உள்சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன. வறுக்கும்போது உருவான கரியமில வாயு வெளியேறும் வேகத்தில் எண்ணெயையும் மேலே தள்ளிவிடுகிறது. பளபளவென்று மின்னும் கறுப்புக் கொட்டையைப் பார்த்து 'ஆகா, என்ன பதம்' என்று மயங்கியவன்தான் நானும். அந்த மினுமினுப்பு முழுக்க காற்றில் திறந்துகிடக்கும் எண்ணெய். காறத் தொடங்கிவிட்ட சரக்கு. கருவறுவல் சீக்கிரம் பழசாவதற்கும், கிரைண்டரின் பற்களில் களிம்புபோல் அப்பிக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

கிரைண்டரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. எஃகுப் பற்கள் துருப்பிடிக்கும். கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். அரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகிவிடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. பச்சரிசி காபிக்கொட்டையைவிடக் கெட்டி, பற்களுக்கும் மோட்டாருக்கும் ஆகாது. கருவறுவல் வாங்கிய காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிரைண்டரைக் கழற்றினேன். கழற்றியிருக்க வேண்டும் என்று சொல்வதுதான் சரி. நடுத்தரத்துக்கு வந்தபின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன், உலர்ந்த தூள்தான் இருக்கிறது. ஊதினால் போய்விடுகிறது.

சரி, சாதனங்கள். பிரெஞ்சு பிரஸ்ஸுக்குப் பெயரில் மட்டும்தான் பிரான்ஸ் என்று சொல்ல முடியாது. 1852இல் அங்கே ஒரு காப்புரிமை உண்டு. ஆனால் இன்றைய வடிவத்துக்கு நெருக்கமான ஒன்றுக்கு 1929இல் காப்புரிமை வாங்கிய கலிமானி, மொனேட்டா இருவரும் இத்தாலியர்கள். வேலை மிகச் சுலபம். ரவை பதத்தைவிடக் கரகரப்பாக அரைத்த பொடி 30 கிராம், கொதி அடங்கிய வெந்நீர் அரை லிட்டர், நான்கு நிமிடம், அமுக்கு, ஊற்று. கைத்திறன் எதுவும் தேவையில்லை. தூக்கக் கலக்கத்தில்கூடக் கெடுக்க முடியாத காபி. கனமாக, நாக்கில் தங்குவதாக இருக்கும். அந்தக் கனத்தில் பாதி எண்ணெய், மீதி சல்லடையைத் தாண்டி வந்த வண்டல். அதனால் கடைசி மடக்கைக் கோப்பையிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

சிக்கல் குடித்து முடித்தபின் தொடங்குகிறது. ஈரச் சக்கையைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். குப்பையில் கொட்டினால் பாதி அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சல்லடை என்பது ஒரே தகடு அல்ல. துளைத்தட்டு, வலை, சுருள் கம்பி வைத்த வட்டு என்று மூன்று அடுக்கு. பிசுக்கு அந்த இடுக்குகளில் உட்கார்ந்துகொள்கிறது. வெளிப்புறம் சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் அங்கே ஒன்றும் நடக்காது. வாரம் ஒருமுறையாவது கழற்றி, சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டால் அந்தத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். முதல்முறை அதைப் பார்த்தபோது, இதையா இத்தனை வருடம் குடித்தோம் என்று இருந்தது.

மோக்கா பாட் 1933இல் இத்தாலியில் பியாலெட்டி பட்டறையில் பிறந்தது. கீழே தண்ணீர், நடுவில் பொடி, ஆவியின் அழுத்தத்தில் தண்ணீர் மேலேறி டிகாஷனாக விழும். அழுத்தம் ஒன்றிரண்டு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுதான். எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் 9 பார் எங்கே, இது எங்கே. ஆனாலும் பாலுக்கு ஈடுகொடுக்கும் திக்கான டிகாஷன் இதில்தான் கிடைக்கும். தீயைக் குறைத்து வைத்து, 'களக் களக்' என்று சத்தம் வரத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் கருகல்.

பராமரிப்பில் இது ஒரு தனி ரகம். அலுமினியப் பாட்டைச் சலவை சோடாவில் ஊறப்போடக் கூடாது. கறுத்துப்போகும், உலோகமே அரிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாது. இவ்வளவுக்குப் பிறகு மிச்சம் இருப்பது வெந்நீரும் கையும்தான். ரப்பர் வாஷர் எண்ணெயை உறிஞ்சி இறுகிப்போனால் பக்கவாட்டில் ஆவி சீறும், அப்போது வாஷரை மாற்ற வேண்டும். பாதுகாப்பு வால்வில் உப்பு படிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது உயிருக்கு நல்லது. 'உள்ளே படியும் காபிப் படலம் ருசியைக் கூட்டும், கழுவாதே' என்று ஒரு கட்சி இருக்கிறது. அந்த வாடையை முகர்ந்து பார்த்தபின் நான் அந்தக் கட்சியில் இல்லை. எஃகில் செய்த மோக்கா பாட் வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

இனி என் பக்கம். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண், காபியில் வண்டலும் கசப்பும் தாங்காமல், பித்தளைக் குவளையில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே விரித்து வடிகட்டினார். நூறு வருடத்துக்கும் மேலாகியும் அடிப்படை அதேதான். ஒரு கூம்பு, ஒரு தாள், வெந்நீர்.

என் கணக்கு இப்படி: 15 கிராம் பொடி, 250 மில்லி தண்ணீர். தாளை முதலில் வெந்நீரில் நனைத்துவிடுவேன், இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி வாசம் வரும். பொடியைக் கொட்டி, அதன் எடையில் இரண்டு மடங்கோ கொஞ்சம் கூடவோ வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விடுவேன். புதுக் கொட்டை என்றால் இட்லி மாவு பொங்குவதுபோல் பொடி உப்பி எழும். உள்ளே இருந்த வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். உப்பவில்லை என்றால் கொட்டை பழசு, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அப்புறம் மிச்சத் தண்ணீரை இரண்டு மூன்று தவணையாகச் சுற்றி ஊற்றினால் மூன்று நிமிடத்தில் கோப்பை தயார். தண்ணீரின் சூடு நடுத்தர வறுவலுக்கு 92 முதல் 94 டிகிரி வைத்துக்கொள்கிறேன். கருவறுவல் கைக்கு வந்தால் 88க்கு இறக்கிவிடுவேன், கசப்பு அடங்கும்.

நான் மாறியதற்கான காரணம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. தாளின் விளிம்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் சக்கை, வண்டல், எண்ணெய் எல்லாம் ஒரே பொட்டலமாகக் குப்பைக்குப் போகிறது. கூம்பைக் குழாயடியில் காட்டினால் போதும். பத்து நொடி. ஒரு வருடத்தில் அந்தப் பீங்கான் கூம்பை மூன்று முறைதான் தேய்த்துக் கழுவியிருப்பேன். முகர்ந்தும் பார்த்துவிட்டேன், ஒரு வாடையும் இல்லை. எண்ணெய் பாத்திரத்தைத் தொடுவதே இல்லை, தாளோடு நின்றுவிடுகிறது.

உடம்புக்கும் இதில் ஒரு லாபம். காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால், கவியோல் என்ற இரண்டு சேர்மங்கள் கெட்ட கொழுப்பை ஏற்றுபவை. காகிதம் அவற்றைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது, உலோகச் சல்லடை விட்டுவிடுகிறது. நாளுக்கு ஒரு கோப்பை குடிப்பவர் இதற்காகப் பயந்து பிரஸ்ஸைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நான்கைந்து கோப்பை போகிறவர் யோசிக்கலாம். எனக்கு இது மாறிய பிறகு தெரிந்துகொண்ட விஷயம். மாறுவதற்கு முன்பே தெரிந்ததுபோல் நடிக்கப்போவதில்லை.

குறைகளைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. தாள் தீர்ந்துபோனால் காபி இல்லை. விடிகாலையில் வெறும் டப்பாவைப் பார்த்த துக்கம் எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. தாளுக்கு மாதாமாதம் செலவு, குப்பையும் கூடுதல். துணி வடிகட்டி மாற்றாகும் என்று முயன்று பார்த்தேன். அதைக் காயவிட்டால் உள்ளே ஊறிய எண்ணெய் காறும். தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எதிலிருந்து ஓடினேனோ அங்கேயே கொண்டுவந்து விட்டது. அரைவையும் பிரஸ்ஸைப்போல மன்னிக்காது. கொஞ்சம் நைஸாகிவிட்டால் தண்ணீர் தேங்கிக் கசக்கும், கரகரப்பானால் ஓடிப்போய்ப் புளிக்கும். முதல் இரண்டு வாரம் நான் போட்டது எதுவும் காபி இல்லை.

பால் கலந்து குடிப்பவர்களுக்கு இது சரிப்படாது. என் மனைவி ஒருநாள் இதில் பால் ஊற்றிக் குடித்துவிட்டு, "என்னங்க, பால்ல காபி வாசம் மட்டும் காட்டினீங்களா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். எண்ணெயும் வண்டலும் போனபின் பாலோடு மல்லுக்கட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. அவளுக்காக மோக்கா பாட்டும் ஒரு சின்னப் பொட்டலம் கருவறுவலும் இன்னும் வீட்டில் உண்டு. அதைக் கழுவுவதும் அவள்தான் என்பதால் எனக்கு அதில் புகார் இல்லை.

எனக்குப் பழக்கம் குறைவான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆலன் ஆட்லர் 2005இல் கொண்டுவந்த ஏரோபிரஸ்ஸை (ஊசிக்குழல்போல் கையால் அமுக்கி வடிக்கும் சாதனம்) நண்பர் வீட்டில் நாலைந்து முறைதான் தொட்டிருக்கிறேன். அதிலும் காகிதம்தான், சக்கை வட்டு வட்டாகத் தெறித்து விழுகிறது, கழுவ எதுவும் இல்லை. என் கூம்புக்குச் சரியான போட்டி அதுவாகத்தான் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் வரும் என்பது மட்டும் இடிக்கிறது. இளம் வறுவலில் இதுவரை இரண்டு பாக்கெட் தாண்டவில்லை. கொட்டை கல்லுபோல் இருக்கிறது, கைக் கிரைண்டரில் அரைத்தால் தோள் வலிக்கிறது. 96 டிகிரியில் ஊற்றியும் எனக்குப் புளிப்பே முன்னால் நிற்கிறது. கொட்டையின் குற்றமா, என் கையின் குற்றமா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் குடிக்கவில்லை. எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் என் வீட்டில் இருந்ததே இல்லை.

ஏற்கெனவே பிரஸ் வைத்திருப்பவர் உடனே புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். பிரஸ்ஸில் போட்ட காபியை ஒரு தாளை விரித்து அதன் வழியே ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் எண்ணெய் இல்லாத காபி உங்களுக்குப் பிடிக்குமா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். கூடவே அந்தச் சல்லடையின் மூன்று அடுக்கையும் கழற்றி ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வாடை எதுவும் வரவில்லை என்றால் நீங்கள் என்னைவிட நன்றாகப் பாத்திரம் கழுவுகிறவர், பிரஸ்ஸையே வைத்துக்கொள்ளலாம்.