முத்திரையா, டேப்பா, காகிதமா? கைமாறிய ரஷ்யக் கப்பல் பீரங்கியை அடையாளம் காண்பது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஐரோப்பியக் கடற்கரை நெடுக வரிசையாக அரண் கட்டினார்கள். அத்தனை அரணுக்கும் சொந்தப் பீரங்கி கட்டுப்படியாகவில்லை. பிரெஞ்சு, செக், போலந்து, ரஷ்யா என்று பிடித்த நாட்டுப் பீரங்கிகளையெல்லாம் கொண்டுவந்து கான்கிரீட்டில் நட்டார்கள். இன்று அவற்றில் ஒன்றின் முன்னாலோ, ஒரு பழைய புகைப்படத்தின் முன்னாலோ நின்றுகொண்டு, “இது ரஷ்யக் கப்பலில் இருந்து வந்ததா?” என்று கேட்டால் பதில் கண்டுபிடிக்க நாலு வழி இருக்கிறது. உருவத்தைப் பார்க்கலாம். டேப் வைத்து அளக்கலாம். ஜெர்மன் பெயரையும் ஆவணங்களையும் நம்பலாம். குழலின் பின்முகத்தில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படிக்கலாம்.

நான் நாலையும் செய்து பார்த்து, ஒருமுறை அசடு வழிந்து, கடைசியில் முத்திரை எழுத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் உருவம். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு கப்பல் பீரங்கி கரைக்கு வரும்போது அதன் உருவத்தில் குழலைத் தவிர எல்லாமே மாறிவிடும். பிரிட்டிஷ் கால்வாய்த் தீவுகளில் ஒன்றான கெர்ன்சியில் இருந்த மிரூஸ் அரண் இதற்கு நல்ல உதாரணம். அங்கே இருந்தவை நான்கு 30.5 சென்டிமீட்டர் ரஷ்யப் பீரங்கிகள். அவை பிறந்த போர்க்கப்பலில் மூன்று மூன்று குழல்களாக நாலு கோபுரங்கள், ஆக 12 குழல்கள் இருந்தன. கெர்ன்சியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கவசக் கூண்டுக்குள் நின்றது. ஒரு கூண்டின் மேல் பொய்க் கூரையும் பொய் ஜன்னலும் வரைந்து சாதாரண வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். படத்தில் பார்த்தால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு புகைபோக்கி படுத்துக் கிடப்பது போல இருக்கும். எதிரி விமானியை ஏமாற்ற வரைந்ததை வைத்து நாம் அடையாளம் சொல்லப் போனால் நமக்கும் அதே கதிதான்.

அடுத்து டேப். இதன் மேல் எனக்கு ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. ரஷ்யர்கள் பழைய காலத்தில் அங்குலத்தில் யோசித்தவர்கள். ஆறு அங்குலம் என்றால் 152.4 மில்லிமீட்டர். ஜெர்மானியர்கள் 15 சென்டிமீட்டர் என்று பெயர் வைத்தது உண்மையில் 149.1 மில்லிமீட்டர். பிரெஞ்சுக்காரர்களுக்கு 155. மூன்று நாட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் அளவில் வித்தியாசம் இருப்பதால், வாயில் வைத்து அளந்தால் போதும் என்று நினைத்தேன்.

வட ஐரோப்பாவில் ஒரு கடலோரப் பூங்காவில் அப்படித்தான் அளந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, குழல் வாயில் ஐந்தாறு பூச்சு பெயின்ட் தோலாக நின்றது. 152 வந்தது. ரஷ்யப் பீரங்கி என்று கூட வந்தவரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் சுற்றிப் பின்பக்கம் போய், “இங்கே கிரீடமும் ஆங்கில எழுத்தும் இருக்கே” என்றார். பிரிட்டிஷ் ஆறு அங்குலப் பீரங்கியும் அதே 152.4 மில்லிமீட்டர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

டேப்பை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. சில அளவுகள் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். 122 மில்லிமீட்டர் வந்தால் அநேகமாக ரஷ்யாதான். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்கள் ஒரு கோடு என்று கணக்கிட்டார்கள். 48 கோடு சேர்ந்தது 122. ஆனால் ரஷ்யப் பீரங்கி என்பதாலேயே கப்பல் பீரங்கி ஆகிவிடாது. நார்மண்டியில் கோல்டு கடற்கரைக்கு மேலே மோன் ஃப்ளூரி அரணில் இருந்த 12.2 சென்டிமீட்டர் ரஷ்யப் பீரங்கிகள் சக்கரம் வைத்து இழுக்கும் தரைப்படைப் பீரங்கிகள். கடலைப் பார்த்து நிறுத்தியதால் கடல் பீரங்கியாகிவிடவில்லை. 130 மில்லிமீட்டர் வந்தால் கப்பல் பீரங்கி என்று ஓரளவு நம்பலாம், ரஷ்யப் போர்க்கப்பல்களில் 1913 மாதிரி 130 மில்லிமீட்டர் துணைப் பீரங்கியாக நிறைய இருந்தது. ஆனால் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல்கள் சிலவற்றிலும் 130 உண்டு.

பெரிய அளவுக்குப் போனால் டேப் அநேகமாகக் கைகொடுக்காது. ரஷ்ய 12 அங்குலம் 304.8 மில்லிமீட்டர், ஜெர்மன் 30.5 சென்டிமீட்டர் 305. இடையில் 0.2 மில்லிமீட்டர். சுட்டுத் தேய்ந்து துருப்பிடித்த குழலில் அதை யார் அளப்பது? நீளத்தில் வித்தியாசம் இருக்கிறது. ரஷ்யக் குழலின் நீளம் வாய் அகலத்தைப் போல 52 மடங்கு, அதாவது சுமார் 15.85 மீட்டர். பிரான்ஸில் பூலோன் அருகே ஃப்ரீட்ரிக் ஆகுஸ்ட் அரணில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த அவர்களுடைய சொந்த 30.5 குழல் 50 மடங்கு, சுமார் 15.25 மீட்டர். அறுபது சென்டிமீட்டர் வேறுபாடு. முழுக் குழலும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் சரி. பாதி கவசத்துக்குள் மறைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இரண்டையும் பிரிக்க வேறொரு சுலபமான வழி உண்டு, அது குழலின் பின்பக்க மூடி. ஜெர்மன் கடற்படைப் பெரும்பீரங்கிகளில் மூடி ஆப்பு மாதிரி இருக்கும், மேசை இழுப்பறை போலப் பக்கவாட்டில் நகர்ந்து மூடும். ரஷ்ய 12 அங்குலத்தில் திருகு மூடி: படிப்படியாக வெட்டிய மரை, உள்ளே தள்ளிக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் தெரிகிற ஒரு படம் கிடைத்தால் ஜெர்மன் சரக்கா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பிரெஞ்சும் பிரிட்டிஷும் திருகு மூடிதான் வைத்தார்கள் என்பதால், “ஜெர்மன் இல்லை” என்பதோடு இந்த வழி முடிந்துவிடுகிறது.

இப்போது காகிதத்துக்கு வருவோம். பலர் இதைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மானியர்கள் பிடித்த ஆயுதங்களுக்கெல்லாம் ஒழுங்காக எண் கொடுத்தார்கள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் நாட்டின் முதல் எழுத்து. மிரூஸ் பீரங்கிக்கு கே 626, அடைப்பில் ஆர். கெர்ன்சியின் தென்மேற்கு முனையில் டோல்மான் அரணில் இருந்த பிரெஞ்சு 22 சென்டிமீட்டருக்கு கே 532, அடைப்பில் எஃப். எண் வரிசையும் அளவோடு ஏறிக்கொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கிறது.

சிக்கல் அந்தக் கடைசி எழுத்தில்தான். அதைப் பிறந்த இடம் என்று வாசித்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்ஸின் பேர்போன 75 மில்லிமீட்டர் பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். போலந்தில் பிடித்தபோது அதற்கு பி. பிரான்ஸில் பிடித்தபோது எஃப், எண்ணும் வேறு. ஒரே தொழில்நுட்பம், ஒரே குழல், இரண்டு பெயர். அங்கே அந்த எழுத்து சொல்வது யாரிடமிருந்து பிடுங்கினோம் என்பதை. மிரூஸ் பீரங்கிகளுக்கோ கதை தலைகீழ். ரஷ்யாவில் வார்த்தவை, பிரான்ஸ் வசம் இருந்தவை, பின்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தவை, நார்வேயில் பிடிபட்டவை. இந்த நாலில் பிடுங்கிய இடத்தை எழுதவில்லை, பிறந்த இடத்தை எழுதினார்கள். ஒரே எழுத்து ஓரிடத்தில் முகவரி, இன்னோரிடத்தில் பிறப்புச் சான்றிதழ்.

அந்தப் பயணத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மூன்றாம் அலெக்சாந்தர் பேரரசர் என்ற போர்க்கப்பல் 1914-ல் நிக்கோலாயெவில் நீரில் இறங்கியது, 1917-ல் கருங்கடல் படையில் சேர்ந்தது. புரட்சிக்குப் பிறகு பெயர் வோல்யா. 1918-ல் செவஸ்தோபோலில் ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதாவது இதே குழல்கள் முதல் போரிலேயே ஒருமுறை ஜெர்மன் கைக்குப் போய் வந்தவை! அப்புறம் பிரிட்டிஷ், அப்புறம் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படை, பெயர் ஜெனரல் அலெக்ஸேயெவ். 1920-ல் விராங்கல் தளபதியின் படையோடு கருங்கடலை விட்டு ஓடி, துனீசியாவில் பிஸெர்ட் துறைமுகத்தில் ஒதுங்கியது. 1930-களில் கப்பலை உடைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் குழல்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். 1940 தொடக்கத்தில் பின்லாந்து சோவியத்தோடு மோதியபோது 12 குழல்களையும் அனுப்பத் தீர்மானித்தார்கள். மூன்று சரக்குக் கப்பல்கள் கிளம்பின. இரண்டு போய்ச் சேர்ந்தன. மூன்றாவதான நினா, நாலு குழல்களோடு பெர்கனில் நின்றபோது, ஏப்ரலில் ஜெர்மானியர்கள் நார்வேக்குள் புகுந்தார்கள். ஜெர்மனியின் க்ருப் ஆயுதத் தொழிற்சாலை அவற்றைச் செப்பனிட்டது. கெர்ன்சியில் அரணுக்கு முதலில் வைத்த பெயரே நினாதான். 1941-ல் வான் தாக்குதலில் இறந்த கடற்படை அதிகாரி ரோல்ஃப் மிரூஸின் பெயர் பிறகு வந்தது.

இந்தக் கதையைக் காகிதம் இல்லாமல் யாரும் கோத்திருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் முத்திரை எழுத்தை ஏன் மேலே வைக்கிறேன்? பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த எட்டுக் குழல்கள்தான் காரணம்.

சோவியத்திடம் 12 அங்குல ரயில் பீரங்கி மூன்று இருந்தது. அவற்றின் குழல்கள் வேறொரு கப்பலுடையவை: 1916-ல் செவஸ்தோபோலில் வெடித்துக் கவிழ்ந்த பேரரசி மரியா. கடலடியிலிருந்து எடுத்து ரயில் மேல் ஏற்றியவை. பின்லாந்துக் கரையில் ஹான்கோ தளத்தில் அவை நின்றன. 1941 டிசம்பரில் அந்தத் தளத்தை விட்டு வெளியேறும்போது சோவியத் படையினர் பீரங்கிகளைச் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். பின்லாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? கையில் இருந்த அலெக்சாந்தரின் குழல்களை எடுத்து மாட்டினார்கள். போர் முடிந்து பீரங்கிகள் சோவியத்துக்கே திரும்பின. இன்று மூன்றும் காட்சிக்கு நிற்கின்றன: மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கிராஸ்னயா கோர்கா. வண்டியின் காகிதத்தைப் பின்தொடர்ந்து போகிறவர் மரியாவின் பீரங்கி என்று எழுதிவிடுவார். வண்டியைப் பொறுத்தவரை அது சரி. தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கு அது தப்பு.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பீரங்கியில் பீடம் மாறும், கவசம் மாறும், குண்டு மாறும். மிரூஸுக்கு ஜெர்மானியர்கள் 250 கிலோவில் இலேசான புதுக் குண்டே செய்து, சுமார் 50 கிலோமீட்டர் வரை வீசப் பார்த்தார்கள். கப்பலில் இருந்தபோது குண்டின் எடை 470.9 கிலோ. பெயர் மாறும், கொடி மாறும். ஏன், குழலே மாறும், தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டுவார்கள். ஆனால் ஒரு குழலுக்கும் அதன் பின்முகத்தில் வெட்டிய எழுத்துக்கும் பிரிவே கிடையாது. குழல் எங்கே போனாலும் எழுத்தும் கூடவே போகும். வேறு எந்த ஆதாரத்துக்கும் இந்தக் குணம் இல்லை.

அந்த எழுத்திலும் படிக்க நிறைய இருக்கிறது. ரஷ்யப் பெரும்பீரங்கிகளின் தாய்வீடு செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஒபுகோவ் உருக்காலை. ஆலையின் பெயர், வருடம், குழல் எண், எடை. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு விஷயம் போதும். ஒன்று, 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் கடைசியில், உச்சரிப்பில்லாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் சின்னக் கொடி வைத்த ஆங்கில பி மாதிரி தெரியும். ஆலைப் பெயரின் கடைசியில் அது இருந்தால் ஜார் காலத்துக் குழல். இரண்டாவது, எடை பூட் என்ற பழைய அளவில் இருக்கும். ஒரு பூட் 16.38 கிலோ. 12 அங்குலக் குழலின் எடை சுமார் 50.7 டன், பூடில் சுமார் 3,100. அந்த இடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு குதூகலம் வரும் பாருங்கள்! 1922-க்குப் பிறகு ஆலையின் பெயரே போல்ஷெவிக் என்று ஆகிவிட்டது, அதனால் பெயரை வைத்தே காலத்தைப் பிரிக்கலாம்.

படிக்கிற விதமும் முக்கியம். கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், பாதுகாவலர் பார்த்தால் திட்டுவார், எழுத்தும் போகும். சாயங்காலம் போய், டார்ச்சைப் பின்முகத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பத்துப் பூச்சு பெயின்டுக்கு அடியிலும் எழுத்தின் விளிம்பு நிழலாக எழும்பும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால், கல்வெட்டுக்குப் படி எடுத்த மாதிரி வந்துவிடும். பக்கத்தில் ஜெர்மன் கழுகு முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம். ஜெர்மன் பரிசோதகர் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். குழல் எண்ணில் கப்பலின் பெயர் இருக்காது. எந்த எண் எந்தக் கப்பலுக்குப் போனது என்பதற்குத் திரும்பக் காகிதத்திடம்தான் போக வேண்டும். இன்னொன்று, நான் கையால் தடவிப் படித்தவை நடுத்தர அளவுப் பீரங்கிகள்தான். 12 அங்குல ரயில் பீரங்கிகளைப் படத்தில் பார்த்ததோடு சரி. அவற்றின் பின்முகத்தை எட்டிப் பார்க்க ஏணி வேண்டியிருக்கும் என்றே தோன்றுகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, குழல் இருந்தால்தானே எழுத்து. மிரூஸின் நாலு குழல்களையும் போருக்குப் பிறகு பழைய இரும்புக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். கெர்ன்சிக்குப் போனால் வட்டமான கான்கிரீட் குழியும் நிலத்தடி அறைகளும் பார்க்கலாம். அங்கே டார்ச்சுக்கு வேலையில்லை. அங்கே மட்டும் நானும் காகிதக் கட்சிதான்.